ட்ரெயினிங் காலத்துக்கும் சம்பளம் உண்டு: முதல் நாளிலிருந்து நீங்கள் செய்ய வேண்டியவை

கொழும்பு கொட்டாஞ்சேனையில் எங்கள் வீட்டு மாடி அறையை வாடகைக்கு விட்டிருக்கிறோம். போன வருடம் அங்கே வந்து தங்கிய பிள்ளைக்கு ஊர் ஹட்டன் பக்கம். வெள்ளவத்தையில் ஒரு சலூனில் வேலை. காலை எட்டு மணிக்கு முன் போய்விடும். இரவு எட்டரைக்குத்தான் படியேறும் சத்தம் கேட்கும். இரண்டாம் மாதம் வாடகை தர வந்தபோது கையில் பாதிக் காசுதான் இருந்தது. அதுவும் ஊரிலிருந்து அம்மா அனுப்பியது.

"சம்பளம் இன்னும் போடலையா?" என்று கேட்டேன்.

"இல்லக்கா, மூனு மாசம் ட்ரெயினிங். அது முடிஞ்சாதான் சம்பளம்னு மேடம் சொன்னாங்க."

உட்கார வைத்துத் தேநீர் கொடுத்து, இன்றைக்கு என்ன வேலை செய்தாய் என்று ஒவ்வொன்றாகச் சொல்லச் சொன்னேன். கடை திறந்து கூட்டித் துடைத்தது. ஒன்பது பேருக்குத் தலை கழுவியது. ஆறு பேருக்குப் புருவம் த்ரெடிங். துவாய்களை மெஷினில் போட்டு எடுத்து மடித்தது. மற்ற அக்கா சாப்பிடப் போன நேரத்தில் கவுண்டரில் நின்றது. அந்த ஆறு பேரும் புருவத்துக்குக் காசு கொடுத்தார்களா என்று கேட்டேன். கொடுத்தார்கள், கவுண்டரில். விரல்களை நீட்டச் சொல்லிப் பார்த்தேன். சுட்டுவிரலில் நூல் அறுத்த கோடு சிவப்பாக இருந்தது.

புறக்கோட்டையில் துணி மொத்தக் கடைகளில் 20 வருடத்துக்கு மேலாகக் கணக்கு எழுதுகிறேன். மாதாமாதம் சம்பளப் பட்டியல் போடுவதும், ஈபிஎப் (ஊழியர் சேமலாப நிதி), ஈடிஎப் (ஊழியர் நம்பிக்கை நிதி) கட்டுவதும் என் கைவழியாகத்தான் நடக்கிறது. 'பழகுகிற காலம்' என்று சொல்லிப் பிள்ளைகளைச் சும்மா வேலை வாங்குவதை எத்தனையோ தடவை பார்த்துவிட்டேன். அதனால்தான் இதை எழுதுகிறேன். கொழும்புக்கு வேலைக்கு வரும் பிள்ளைகளும், அவர்களை அனுப்பும் பெற்றோரும் வாசிக்க வேண்டும்.

முதலில், உங்களுடையது எந்த ட்ரெயினிங்?

எல்லாவற்றுக்கும் 'ட்ரெயினிங்' என்ற ஒரே சொல்லைத்தான் சொல்வார்கள். சட்டம் அப்படிப் பார்ப்பதில்லை. நீங்கள் என்னவாகச் சேர்ந்திருக்கிறீர்கள் என்பதைக் கண்டுபிடிப்பதுதான் முதல் வேலை.

கடையிலோ ஒபிஸிலோ வேலைக்கு ஆள் தேவை என்று போர்டு போட்டிருந்தார்கள், நீங்கள் போய்ப் பேசினீர்கள், நாளையிலிருந்து வா என்றார்கள், போனீர்கள். இதுதான் பெரும்பாலோரின் கதை. இது வேலை. வேலை தெரியாமல் போனாலும், பக்கத்தில் ஒருவர் நின்று சொல்லிக்கொடுத்தாலும் இது வேலைதான். கடிதம் தரவில்லையே என்று பயப்பட வேண்டாம். வாய்ப்பேச்சில் சேர்ந்தாலும் அது ஒப்பந்தம். நீங்கள் போனதும், அவர்கள் வேலை சொன்னதும், நீங்கள் செய்ததும் அதற்குச் சாட்சி. சம்பளம் முதல் நாளிலிருந்து ஓடத் தொடங்கிவிடும்.

தகுதிகாண் காலம், அதாவது புரபேஷன் என்பதும் இதற்குள்தான் வருகிறது. நீங்கள் வேலைக்குச் சரியா என்று அவர்கள் பார்க்கிற காலம் அது. அந்த நாட்களுக்கும் சம்பளம் முழுதாக வர வேண்டும். நிரந்தரமாக்கும்போது கூட்டித் தருவோம் என்றால் தரட்டும், நல்லது. ஆனால் ஒன்றும் தராமல் ஆறு மாதம் வைத்துப் பார்ப்பதற்குப் பெயர் புரபேஷன் கிடையாது.

இரண்டாவது வகை பயிலுநர் வேலை. இங்கே கதை வேறு. நைட்டா என்று நாம் சொல்கிற தேசிய பயிலுநர் மற்றும் கைத்தொழிற் பயிற்சி அதிகார சபை ராஜகிரியவில் இருக்கிறது. அதன் மூலமாக ஒரு கராஜிலோ, ஹோட்டலிலோ, தொழிற்சாலையிலோ பயிலுநராகச் சேர்ந்தால் எழுத்தில் ஒப்பந்தம் இருக்கும், காலம் குறித்திருக்கும், முடிவில் என்விகியூ என்ற தேசிய தொழில் தகைமைச் சான்றிதழுக்கு வழி இருக்கும். கையில் வருவது சம்பளம் அல்ல, கொடுப்பனவு. தனியார் நிறுவனங்கள் பயிலுநர்களை எடுப்பதற்கென்றே 1978ஆம் ஆண்டின் 8ஆம் இலக்கச் சட்டம் ஒன்றும் இருக்கிறது. அதுவும் எழுதிய ஒப்பந்தத்தையும் கொடுப்பனவையும் வைத்துத்தான் நடக்கிறது. கெம்பஸில், டெக்னிகல் கொலிஜில் படிக்கிறவர்கள் படிப்பின் ஒரு பகுதியாக ஆறு மாதம் நிறுவனத்துக்குப் போவது இன்னொரு வகை. அவர்களுக்கு எவ்வளவு, யார் தருவது என்பதெல்லாம் கல்வி நிலையம் கொடுக்கும் கடிதத்தில் இருக்க வேண்டும். போகும் முன்பே அதைக் கேட்டு வாங்குங்கள்.

ஆக, 'நீ பயிலுநர், உனக்குச் சம்பளம் கிடையாது, கொடுப்பனவுதான்' என்று ஒருவர் சொன்னால் நீங்கள் கேட்க வேண்டியது ஒன்றே ஒன்று: ஒப்பந்தம் எங்கே? அது இல்லையென்றால் நீங்கள் முதல் வகைதான். எங்கள் மாடி வீட்டுப் பிள்ளையிடம் ஒரு துண்டுக் கடதாசிகூட இருக்கவில்லை.

எவ்வளவு வர வேண்டும்?

2016ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கச் சட்டப்படி இலங்கை முழுவதற்கும் ஒரு குறைந்தபட்சச் சம்பளம் இருக்கிறது. வந்த புதிதில் மாதம் 10,000 ரூபாய். பிறகு 12,500, 2024இல் 17,500. 2025 ஏப்ரலிலிருந்து 27,000, 2026 ஜனவரியிலிருந்து 30,000. நாள் கூலியாகப் பார்த்தால் 30,000க்குப் பொருத்தமானது 1,200 ரூபாய். ஆடைத் தொழிற்சாலை, அச்சகம் போன்ற தொழில்களுக்குச் சம்பள நிர்ணய சபைகள் தனித்தனியாகத் தொகை குறிக்கின்றன. அங்கே வேலை என்றால் அந்தத் தொகையையும் கேட்டுப் பாருங்கள்.

இதன்மேல் ஈபிஎப் இருக்கிறது. உங்கள் சம்பளத்தில் 8 வீதம் பிடிப்பார்கள், முதலாளி தன் கையிலிருந்து 12 வீதம் போட வேண்டும். ஈடிஎப் 3 வீதம், அது முழுவதும் முதலாளியின் காசு. 30,000 ரூபாய்க்குக் கணக்குப் போட்டால் உங்களுடையது 2,400, முதலாளியுடையது 3,600, ஈடிஎப் 900. கையில் 27,600 வரும். உங்கள் பேரில் 6,900 போய்ச் சேரும். மூன்று மாத ட்ரெயினிங் என்று சும்மா விட்டால் கையில் வர வேண்டிய 82,800 ரூபாயும் நிதியில் சேர வேண்டிய 20,700 ரூபாயும் போய்விடும். ஒரு லட்சத்துக்கு மேல். ஹட்டனில் இருக்கிற அந்த அம்மா பிள்ளைக்குக் காசு அனுப்பிக்கொண்டிருந்த மாதங்களில் போய்க்கொண்டிருந்ததும் இப்படிப்பட்ட காசுதான்.

ஈபிஎப் விஷயத்தில் ஊரெல்லாம் ஒரு பொய் நடமாடுகிறது. 'கன்ஃபர்ம் ஆன பிறகுதான் ஈபிஎப்' என்பார்கள். தவறு. தற்காலிகமாக வந்தவர், நாள் கூலிக்கு வந்தவர், பழகுகிறவர் எல்லோருக்கும் வேலை தொடங்கிய நாளிலிருந்தே கட்ட வேண்டும். முதல் மாதமே உறுப்பினர் இலக்கம் கேளுங்கள். இன்னொரு தந்திரமும் இருக்கிறது: முதலாளி போட வேண்டிய 12 வீதத்தையும் உங்கள் சம்பளத்திலேயே வெட்டுவது. சம்பளச் சீட்டில் 8 வீதத்துக்கு மேல் ஈபிஎப் பிடித்திருந்தால் அங்கேயே நிறுத்திக் கேளுங்கள்.

நேரத்தையும் பாருங்கள். கடை, அலுவலக ஊழியர்களுக்கு நாளுக்கு 8 மணித்தியாலம், வாரத்துக்கு 45. அதற்கு மேல் நின்றால் ஓடி, அதாவது மேலதிக நேரச் சம்பளம், ஒன்றரை மடங்கு. ஞாயிற்றுக்கிழமை ட்ரெயினிங் கிளாஸ், கட்டாயம் வர வேண்டும் என்று கூப்பிட்டால் அதையும் வேலை நேரமாகவே எழுதி வையுங்கள். உங்களுக்கு விருப்பமென்றால் வா, இல்லாவிட்டால் விடு என்று மனதாரச் சொல்கிற வகுப்பு வேறு. வராவிட்டால் முகம் சுளிப்பார்கள் என்றால் அது வேலைதான் என்பது என் கருத்து.

கொப்பி

இந்த முழுக் கட்டுரையிலும் நீங்கள் ஒன்றை மட்டும் செய்வதாக இருந்தால் இதைச் செய்யுங்கள்.

1999இல் நான் வேலைக்கு வந்தபோது எனக்கு 19 வயது. புறக்கோட்டையில் ஒரு கடை. இரண்டரை மாதம் 'பழகு, பிறகு பார்ப்போம்' என்றார்கள். காலையில் பில் புத்தகங்களை அடுக்குவேன், சரக்கு லொறி வந்தால் துணி பேல்களை எண்ணுவேன், பின்னேரம் வங்கிக்குப் போய்க் காசு கட்டிவிட்டு வருவேன். சம்பளம் தொடங்கிய பிறகு அந்த இரண்டரை மாதத்தைப் பற்றிக் கேட்டேன். பெரிய கணக்கர் பதிவுப் புத்தகத்தைத் திறந்து காட்டினார். நான் சேர்ந்த தேதி ஜூன் 1 என்று இருந்தது. நான் மார்ச் நடுவில் வந்தவள். அதைக் காட்ட என்னிடம் ஒரு வரி எழுத்தும் இல்லை. என் அப்பா வந்து பேசினார். 'பிள்ளைக்குத் தொழில் சொல்லிக்கொடுத்தோமே' என்றார்கள். அப்பா ஒன்றும் சொல்லாமல் திரும்பி வந்தார். ஜம்பட்டா வீதியில் நடந்து வரும்போது அவர் முகத்தைப் பார்த்தது எனக்கு இன்னும் மறக்கவில்லை.

அதனால் அந்தப் பிள்ளைக்கு அன்றிரவே ஒரு சிஆர் கொப்பி, அதாவது தடித்த அட்டைக் கொப்பி, எடுத்துக் கொடுத்தேன். போன நாட்களை ஞாபகத்திலிருந்தும் ஃபோனில் இருந்தும் எடுத்து எழுதினோம். ஃபோனில் எவ்வளவு கிடைத்தது தெரியுமா? மேடம் அனுப்பிய 'நாளைக்கு 8க்கு வா' என்ற வாட்ஸ்அப் செய்திகள், சலூன் கண்ணாடி முன் எடுத்த படங்களின் தேதி, அம்மாவிடம் 'இப்பதான் வேலை முடிஞ்சது' என்று சொல்லி அனுப்பிய குரல் பதிவுகள். எல்லாம் தேதியும் நேரமுமாக இருந்தன. அன்றிலிருந்து ஒவ்வொரு நாளும் இப்படி எழுதச் சொன்னேன்:

செவ்வாய். 8.05 உள்ளே, 7.50 வெளியே. சாப்பாடு 20 நிமிடம். தலை கழுவல் 7, த்ரெடிங் 5, பேஷியலுக்கு உதவி 2. கவுண்டர் அரை மணித்தியாலம். மேடம் ஹெயார் கலர் கலப்பது எப்படி என்று காட்டினார், 40 நிமிடம்.

கடைசி வரியைக் கவனியுங்கள். சொல்லிக்கொடுத்ததையும் எழுதச் சொன்னேன். பாரபட்சம் இல்லாமல் எழுதினால்தான் கொப்பியைப் பார்க்கிறவர் நம்புவார். அதோடு இன்னொன்றும் தெரியவரும். பன்னிரண்டு மணித்தியாலத்தில் பழகியது 40 நிமிடம், மீதி எல்லாம் கடைக்கு உழைத்தது. ஒரு மாதப் பக்கங்களைச் சேர்த்துப் பார்த்தால் ட்ரெயினிங் என்ற சொல் எவ்வளவு நேரத்துக்குப் பொருந்துகிறது என்று யாருக்கும் விளக்கத் தேவையில்லை.

நீல பேனையால், ஒரே கொப்பியில், பக்கம் கிழிக்காமல் எழுதுங்கள். வாரம் ஒருமுறை படம் எடுத்து வீட்டில் யாருக்காவது அனுப்பி வையுங்கள். கொப்பி தொலைந்தாலும் அது நிற்கும்.

எப்படிக் கேட்பது

சண்டைக்குப் போக வேண்டாம். பல சின்ன முதலாளிமாருக்கு உண்மையிலேயே சட்டம் தெரியாது. தாங்களும் அப்படித்தான் பழகினார்கள். செட்டியார் தெருவில் நகைப் பட்டறையில் பத்து வருடம் சாப்பாட்டுக்கு மட்டும் வேலை பழகிய ஒருவரை எனக்குத் தெரியும். தன்னிடம் வரும் பொடியன்களை அவர் தங்கமாகத்தான் பார்த்துக்கொள்கிறார். அவர்களுக்குச் சம்பளம் போட வேண்டும் என்பது மட்டும் அவருக்கு யாரும் சொல்லாத விஷயம். எடுத்துச் சொன்னேன், இப்போது போடுகிறார். சொல்லிக்கொடுப்பதற்கும் செலவு உண்டு, பிள்ளை துணியைத் தப்பாக வெட்டினால் நட்டம் கடைக்குத்தான், அதெல்லாம் சரி. அப்படி நினைக்கிறவர்கள் நைட்டாவுக்குப் போய் முறைப்படி பயிலுநர் எடுக்கட்டும். அதற்குத்தான் அந்த வழி இருக்கிறது.

சேரும் முன்பே கேட்பது மிக நல்லது. 'ட்ரெயினிங் எத்தனை நாள், அந்த நாட்களுக்குச் சம்பளம் எவ்வளவு, நியமனக் கடிதம் எப்போது?' இந்த மூன்றையும் ஒரே மூச்சில், மரியாதையாக, நேர்முகத்திலேயே கேளுங்கள். கடை, அலுவலக ஊழியர் சட்டப்படி வேலை விபரங்களைச் சேரும் நாளிலேயே எழுத்தில் தர வேண்டும். கேட்டதற்காக ஒருவர் வேலை தராவிட்டால், அங்கே சேர்ந்து மூன்று மாதம் இழப்பதைவிட அது மேல்.

ஏற்கனவே சேர்ந்துவிட்டால் முதலில் நேரில் கேளுங்கள், அன்றே வாட்ஸ்அப்பில் எழுத்தாகவும் போடுங்கள். அந்தப் பிள்ளை அனுப்பியது இதுதான், நாங்கள் இருவரும் சேர்ந்து எழுதியது:

"வணக்கம் மேடம். நான் ஜூலை 7ஆம் தேதியிலிருந்து உங்கள் சலூனில் வேலை செய்கிறேன். இன்றோடு இரண்டு மாதம் ஆகிறது. இதுவரை சம்பளம் கிடைக்கவில்லை. வேலை சொல்லித் தருவதற்கு நன்றி. இந்த இரண்டு மாதச் சம்பளத்தையும், நியமனக் கடிதத்தையும், ஈபிஎப் இலக்கத்தையும் தயவுசெய்து இம்மாதம் 20ஆம் தேதிக்கு முன் தாருங்கள்."

தொடங்கிய தேதி இருக்கிறது, சம்பளம் வரவில்லை என்பது இருக்கிறது, ஒரு கெடு இருக்கிறது. திட்டு இல்லை. மேடம் 'சரி, பார்ப்போம்' என்று பதில் போட்டாலே போதும், நீங்கள் அங்கே வேலை செய்ததற்கு அவரே எழுத்துச் சாட்சி கொடுத்துவிட்டார். செய்தியை அழித்துவிடாதீர்கள்.

வெற்றுக் கடதாசியில் கையொப்பம் வைக்காதீர்கள். ஓஎல் சான்றிதழ், அடையாள அட்டை இவற்றின் மூலப் பிரதியைக் கொடுத்துவிட்டு வராதீர்கள், ஃபோட்டோ கொப்பி போதும். இரண்டு வருடம் நிற்பேன், இல்லாவிட்டால் ட்ரெயினிங் செலவைக் கட்டுவேன் என்று பொண்ட் நீட்டினால் வீட்டுக்குக் கொண்டுபோய் வாசித்துவிட்டு வருகிறேன் என்று சொல்லுங்கள். சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ எழுதியிருந்து விளங்காவிட்டால் தெரிந்தவரிடம் காட்டாமல் கையொப்பம் கூடவே கூடாது.

தராவிட்டால்

மாதச் சம்பளம் என்றால் மாதம் முடிந்து 10 நாட்களுக்குள் வந்துவிட வேண்டும். அதற்கு மேலும் இழுத்தடித்தால் தொழில் திணைக்களம். தலைமையகம் நாரஹேன்பிட்டியில், மெஹெவர பியச என்ற உயரமான கட்டடம். உள்ளே போகவே பிள்ளைகள் தயங்குகிறார்கள். தயங்க வேண்டாம், அது உங்களுக்காகத்தான் கட்டியது. முறைப்பாடு கொடுக்கக் காசு இல்லை, சட்டத்தரணி தேவையில்லை, தமிழில் எழுதிக் கொடுக்கலாம். கடை எந்தப் பகுதியில் இருக்கிறதோ அந்தப் பகுதிக்கான தொழில் அலுவலகத்துக்கு அனுப்புவார்கள். பிறகு தொழில் உத்தியோகத்தர் இரண்டு பக்கத்தையும் விசாரணைக்குக் கூப்பிடுவார், கடையின் சம்பளப் பதிவேட்டைக் காட்டச் சொல்வார்.

கடிதத்தில் கடையின் பெயரும் முகவரியும், முதலாளியின் பெயர், உங்கள் அடையாள அட்டை இலக்கம், வேலை தொடங்கிய தேதி, என்ன வேலை, தருவதாகச் சொன்ன தொகை, வராத மாதங்கள், ஈபிஎப் கட்டவில்லை என்பது எல்லாம் இருக்க வேண்டும். கொப்பியின் பிரதியையும் வாட்ஸ்அப் படங்களின் பிரதியையும் இணையுங்கள். மூலக் கொப்பியைக் கையில் கொண்டுபோங்கள், கொடுத்துவிட்டு வராதீர்கள். உங்கள் கடிதத்தின் இன்னொரு பிரதியில் தேதி முத்திரை போட்டு வாங்குங்கள்.

மூன்று மாதம் சும்மா வேலை வாங்கிவிட்டு, சம்பளம் தொடங்கும் நேரம் பார்த்து 'நீ சரிவரமாட்டாய்' என்று அனுப்பிவிட்டு அடுத்த பிள்ளையை எடுக்கும் கடைகளும் இருக்கின்றன. இதைப் பார்க்கும்போது எனக்கு வயிறு எரிகிறது. அப்படி நடந்தால் நிறுத்தியதைப் பற்றி, வேலை நீக்கங்களை விசாரிக்கிற தொழில் நியாய சபைக்கும் போகலாம். ஆனால் நிறுத்திய நாளிலிருந்து 6 மாதத்துக்குள் போக வேண்டும். பிறகு பார்ப்போம் என்று ஊருக்குப் போய்விட்டால் அந்தக் கதவு மூடிவிடும்.

அந்தப் பிள்ளைக்கு 20ஆம் தேதி ஒன்றும் வரவில்லை. 22ஆம் தேதி மேடத்திடம் கொப்பியை எடுத்துக் காட்டி, நாளைக்கு நாரஹேன்பிட்டிக்குப் போகப் போகிறேன் என்று மட்டும் சொல்லச் சொன்னேன். மேடம் கொப்பியைப் புரட்டிப் பார்த்தாராம், வெகுநேரம் ஒன்றும் பேசவில்லையாம். அன்று மாலை ஒரு மாதச் சம்பளமும், அடுத்த வாரம் மற்ற மாதமும் வந்தது, இரண்டும் அப்போதைய குறைந்தபட்சமான 27,000 கணக்கில். ஈபிஎப்புக்குத்தான் திணைக்களம் வரை போக வேண்டியிருந்தது. விசாரணைக்கு இரண்டு தடவை கூப்பிட்டார்கள், ஒவ்வொரு தடவையும் அரை நாள். இரண்டாவது தடவை நானும் கூடப் போனேன். உத்தியோகத்தர் கொப்பியைத் திறந்து, ஜூலை 7 என்று எழுதியிருந்த முதல் வரியில் விரலை வைத்து, "இந்தத் தேதியிலிருந்து கட்டுங்கள்" என்றார்.